நின்ற வண்டியும் நனைந்த வண்டியும்

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியதும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வீட்டு வாசலிலும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கிலும் கார்கள் அப்படியே நின்றுவிட்டன. ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை மறுபடியும் முழு ஊரடங்கு. ஒருவழியாக ஜூலையில் கிளம்பலாம் என்று சாவியைத் திருகினால்... டக் டக் டக். அவ்வளவுதான்!

இதில் மர்மம் ஒன்றுமில்லை, வெறும் கணக்குதான். பூட்டி நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலே ஒரு மாதத்தில் 21 ஆம்பியர்-அவருக்கு மேல் காலி. சின்னக் காரின் பேட்டரியே சுமார் 35தான். வரவே இல்லாமல் செலவு மட்டும் என்றால் எந்தப் பேரேடு தாங்கும்?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் காதைத் தீட்டிக்கொள்வது நல்லது.

* படபடவென்று டக் டக் சத்தம், விளக்கும் மங்கல்: பேட்டரி இறங்கிவிட்டது.
* சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை: பேட்டரி முழுக்கக் காலி, அல்லது டெர்மினல் தளர்ந்தோ வெள்ளை பூத்தோ இருக்கும்.
* விளக்கு பிரகாசம், ஒரே ஒரு 'டக்': ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் சந்தேகம்.
* என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை: பெட்ரோலோ ஸ்பார்க்கோ வரவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் எலி கடித்த ஒயர் கிடைக்கலாம்!

பேட்டரிதான் என்றால் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போதும். ஆனால் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட விட்டால் சார்ஜ் ஏறிவிடாது. ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு வரை போய் வந்தால் ஓரளவு தேறும்.

இதெல்லாம் உலர்ந்து நின்ற வண்டிக்கு. தண்ணீரில் நின்ற வண்டி கதையே வேறு.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரில் வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் யாருக்கும் கை துறுதுறுக்கும், 'ஓடுதா பார்ப்போம்' என்று. அங்கேதான் ஆபத்து! காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுற்றினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

அதற்கு மேல் இன்சூரன்ஸ் இடி. வெள்ளத்தில் நனைந்த சேதத்தைக் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி ஏற்கும். நனைந்த பின் ஸ்டார்ட் செய்து என்ஜின் உடைந்தால், 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுக்காதவருக்குப் பெரும்பாலும் கைவிரிப்புதான்.

ஆகவே நனைந்த வண்டிக்கு வைத்தியம் சுலபம்: சாவியைத் தொடாமல் பேட்டரி ஒயரைக் கழற்றுவது, போட்டோ எடுப்பது, இன்சூரன்ஸுக்குச் சொல்வது, இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவது. இழுவைக் கூலி சில ஆயிரம். என்ஜின் போனால் லட்சம் வரை போகும்.