முட்டுக் கொடுக்காத தளம்

புதுச்சேரி தமிழ்ப் பகுதியில், வைசியாள் வீதிக்குப் பக்கத்தில், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் கொண்ட பழைய வீடு. மாடி அறையின் தரை ஒரு மூலையில் அமுங்கிவிட்டது. காலை எட்டரை மணிக்கு நான் போனபோது அந்த மூலையைப் பெயர்த்தெடுத்திருந்தார்கள். கூடத்தில் நின்று அண்ணாந்தால் மாடி ஜன்னல் தெரிந்தது.

கழற்றிய தேக்கு உத்திரத்தை மேஸ்திரி புரட்டிக் காட்டினார். நடுப்பகுதி இரும்பு மாதிரி. சுவருக்குள் புதைந்திருந்த நுனியை விரலால் அழுத்தினேன், பொடியாக உதிர்ந்தது.

"மரத்து மேல குத்தம் இல்ல சார். சுவரு ஈரம் இதுல ஏறிடுச்சு" என்றார்.

ஒழுகுகிறது என்று சில வருடங்களுக்கு முன் யாரோ வெளிச்சுவர் முழுக்க சிமென்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலை மேரி (பழைய நகராட்சி) கட்டடம் இடிந்ததைப் பார்த்த ஊர் இது. "மொத்தமா இடிச்சு கான்கிரீட் போட்டுடுங்க" என்று வீட்டுக்கார அம்மாவிடம் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மூலை கெட்டதற்கு நல்ல தளம் முழுவதையும் இடிப்பது அநியாயம். அந்த அம்மா மசியவில்லை.

வேறொரு பழைய வீட்டிலிருந்து வாங்கிய தேக்கு உத்திரத்தை ஏற்றி, நுனியைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டுச் சுவரில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் வெகுநேரம் நின்று பார்த்தேன்.

அச்சுக்கல் என்பது ஒரு அங்குல கனமே உள்ள சின்னச் செங்கல். மேஸ்திரி அதைத் தண்ணீரில் முக்கி எடுத்து, அரைத்த சுண்ணாம்பை இரண்டு பக்கமும் வழித்து, குத்துவாக்கில் முந்தின கல்லோடு ஒட்டி அழுத்தினார். மனசுக்குள் பத்து எண்ணியிருப்பேன், கையை எடுத்தார். கீழே பலகை இல்லை, முட்டு இல்லை. கல் நின்றது. மூலையில் இரண்டு கல்லில் தொடங்கிய வரிசை, உத்திரங்களுக்குக் குறுக்கே சாய்வாக நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு வரிசைக்கும் முந்தின வரிசைதான் பிடிமானம். சுண்ணாம்பு சற்று இளகினாலும் கல் கீழே விழுந்துவிடும் என்பதால், சித்தாள் கொண்டுவந்த ஒரு சட்டியை விரலால் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்.

இந்தக் கல் வரிசைகள் காய்ந்ததும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்ட வேண்டும். தட்டத் தட்டத் தெளிப்பதற்காகக் கடுக்காயும் வெல்லமும் முற்றத்துத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. புளித்த வாடை வீடு முழுக்க.

சாயங்காலம் பார்த்தபோது ஜன்னல் தெரிந்த இடத்தில் முக்கால்வாசி மூடியிருந்தது. தட்டுகிற வேலை தெரிந்த பெண்கள் விழுப்புரம் பக்கம் நாலு பேர் இருக்கிறார்களாம். திங்கட்கிழமைக்கு வரச் சொல்லி மேஸ்திரி போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.