ரீல் வாங்கப் போன கதை

ஆசிரியத் தொழிலுக்கு வந்த பின் நான் கைவிட்ட பழக்கங்கள் இரண்டு. ஒன்று கிளித்தட்டு. மற்றது தூண்டில். கிளித்தட்டை என் முழங்கால் கைவிடச் செய்தது. தூண்டிலைக் கைவிடச் செய்தவர் என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன்.

2006ஆம் ஆண்டு என்று ஞாபகம். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறி அதிக நாளாகவில்லை. ஒரு பின்னேரம் கோட்டைக்கல்லாற்றுப் பாலத்தடியில் வாப்பாவுடன் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றேன். சாரனை மடித்துக் கட்டியிருந்தேன். பாலத்தால் போன அந்த மனிதர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்து, "என்ன சேர், சம்பளம் காணாதா?" என்று கேட்டார். பகிடிதான். வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. "கொப்பி திருத்தக் கெடக்கு" என்பேன். வாப்பா ஒரு நாளும் ஏனென்று கேட்டதில்லை. தன்பாட்டில் சைக்கிளில் போய்வருவார்.

வாப்பா நெசவாளி. எங்கள் ஊர் மருதமுனை என்றால் கைத்தறி என்பது வாசகர்களுக்குத் தெரியும். 1977க்குப் பிறகு இறக்குமதித் துணி வந்து பல தறிகளை நிறுத்தியது. வாப்பாவின் தறி நிற்கவில்லை, ஆனால் மூச்சு வாங்கியது. தறியை விட்டு இறங்கினால் அவருக்குத் தூண்டில். ஒரு தகரப் பேணியில் சுற்றிய தங்கூசி, ஒரு முள், ஒரு ஈயம், ஒரு சிரட்டை இறால். அவ்வளவுதான் அவருடைய தளபாடம். அந்தப் பேணியைக் கொடுத்தவர் கல்லாற்றுத் தமிழ்க் கூட்டாளி ஒருவர். 1990இல் இரண்டு பேரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போக முடியாமல் இருந்த காலத்திலும் அந்தப் பேணி எங்கள் தறிக்கொட்டிலில் தொங்கியது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது தறியும் கொட்டிலும் போயின. பேணியை வாப்பா மூன்று வளவு தள்ளி ஒரு வேலியில் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு ஊரில் பலர் மாதக் கணக்கில் மீன் தின்னவில்லை. வாப்பாவும் தின்னவில்லை. ஆனால் எல்லாருக்கும் முதல் தூண்டிலோடு திரும்பிப் போனவரும் அவர்தான்.

2022 ஒக்டோபரில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மூன்று மாதத்தில் திரும்பியது. இடக்கை திரும்பவில்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்து வலக்கையால் சாரன் தும்பை உருட்டிக்கொண்டிருப்பார். பேச்சு வந்தும் அவர் பேசவில்லை என்பதுதான் எங்களுக்குக் கவலை. அடுத்த வருடம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வந்தவனைக் கூப்பிட்டு, "மகன், கல்லாத்துல இப்ப கொடுவா படுதாமா?" என்று கேட்டார்.

நான் ரீல் வாங்கப் புறப்பட்ட காரணம் இதுதான். மீண்டும் மீன்பிடிக்க ஆசை வந்து அல்ல.

கைத்தூண்டிலுக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை நூலை இழுக்கும், மறுகை அதை வாங்கும். கொடுவா பாய்ந்தால் இரண்டு கையும் மாறிமாறி விட்டுக்கொடுக்கும். ஒற்றைக் கைக்காரனுக்கு அது சரிவராது. தடியும் ரீலும் என்றால், தடியை ஒரு குழாயில் நிறுத்திவிட்டு ஒரு கையால் சுற்றலாம். இவ்வளவும் யோசித்து எனக்கு நானே கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொண்டு, 2023இல் 4,500 ரூபாய்க்கு ஒரு ரீலை வாங்கினேன். பெயர் வேண்டாம். பார்க்க வடிவாக இருந்தது. வாவித் தண்ணீரின் உப்பு இரண்டு மாதத்தில் அதன் உள்ளே புகுந்து, கைபிடியைத் திருப்பினால் காப்பிக்கொட்டை அரைக்கும் சத்தம் வந்தது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து வைக்க வேண்டும் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். குற்றத்தில் பாதி என்னுடையது.

பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். வாத்தியாருக்கு வேறென்ன தெரியும்? அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு நன்னீர் மீன். அதைப் பிடிக்கும் சாமான்களுக்கென்றே அங்கே பெரிய சந்தை இருக்கிறது. நமது கொடுவாவை ஆங்கிலத்தில் ஆசியக் கடற்பாஸ் என்கிறார்கள். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. இரண்டும் பதுங்கியிருந்து இரையை வாய்க்குள் உறிஞ்சுபவை, கொழுவுப்பட்டால் துள்ளித் தலையை உதறுபவை. அதனால் அவர்களுடைய சாமான் நமக்கும் பொருந்துகிறது. இந்த ரீலைச் செய்தவர்களின் கதை சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைபிடியை ஒரு முறை திருப்பினால் நூல் பல சுற்றுச் சுற்றும் ரீலை அமெரிக்காவில் செய்தவர் கென்டக்கியில் கடிகாரம் திருத்திக்கொண்டிருந்த ஜோர்ஜ் ஸ்னைடர். சுவீடனின் ஆபு, டக்சி மீற்றர் செய்த கொம்பனி. 1952இல் அம்பாசடர் என்ற பெயர்பெற்ற ரீலை வெளியிட்டது. ஜப்பானின் ஷிமானோ 1921இல் சைக்கிளின் பின்சில்லுப் பற்சக்கரத்தோடு தொடங்கியது. எல்லாரும் பற்சக்கரம் தெரிந்தவர்கள். மீன் பிறகுதான் வந்தது.

ரீலில் பெரிதாக இரண்டு சாதி. ஒன்று தடிக்கு மேலே உட்காரும் உருளை ரீல். கைபிடி வலப்பக்கம் உள்ளது தாராளமாகக் கிடைக்கும். வாப்பாவின் வலக்கைக்கு அளவெடுத்தது போல. ஆனால் வீசும்போது பெருவிரலால் உருளையைத் தடவிக் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு கணம் பிசகினால் நூல் குருவிக்கூடாகிவிடும். வீசப்போகிறவன் நான். என் பெருவிரல் வெண்கட்டி பிடித்த விரல். மற்றது தடிக்குக் கீழே தொங்கும் ரீல். உருளை அசையாமல் நிற்கும், ஒரு கம்பி வளையம் அதைச் சுற்றி ஓடி நூலைச் சுற்றும். பழகாதவனும் வீசலாம். சிக்கல் என்னவென்றால் கைபிடி இடப்பக்கம் இருக்கிறது. வாப்பாவுக்கு இடக்கை இல்லை.

இந்த யோசனையில் இரண்டு மாதம் போனது. 2024இல் கல்முனையில் ஒரு கடைக்குப் போனேன். கடைப்பெடியன் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்து, "சேர், இதுல பத்து பெயாரிங், அதுல ஆறுதான்" என்றான். பெயாரிங் எண்ணிக்கை கடைக்காரனுக்கான கணக்கு. நல்ல ஆறு, கெட்ட பத்தை வெல்லும். 2500, 3000, 4000 என்று போட்டிருக்கும் இலக்கங்களும் அப்படித்தான். அவற்றுக்கு அலகு கிடையாது. ஒரு கொம்பனியின் 3000 இன்னொன்றின் 4000 அளவில் இருக்கும். 5.2க்கு 1 என்ற எண் மட்டும் உண்மையான கணக்கு. கைபிடி ஒரு சுற்று, வளையம் 5.2 சுற்று. உருளையின் விட்டம் 4.5 சென்ரிமீற்றர் என்றால் ஒரு திருப்பலுக்கு ஏறத்தாழ 73 சென்ரிமீற்றர் நூல் உள்ளே வரும். (இதை எட்டாம் வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்தேன். "சேர், கொடுவா எவ்வளவு தூரத்துல நிக்கிது?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி.)

நான் ஒவ்வொரு ரீலின் தலைத் திருகையும் தளர்த்தி, நூலின் இடத்தில் விரலை வைத்து உருளையை இழுத்துப் பார்த்தேன். டிராக் என்பது அதுதான். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகச் சில வட்டத் தட்டுகள். திருகை இறுக்கினால் நூல் போகாது. தளர்த்தினால் மீன் இழுக்க இழுக்க வழுக்கிப் போகும். மலிந்த ரீல்களில் தொடக்கத்தில் ஒட்டிப்பிடித்துப் பிறகு வெடுக்கென்று விடும். அந்த வெடுக்கில்தான் நூல் அறும். வாப்பாவின் இடக்கை செய்த வேலையை இந்தத் தட்டுகள் செய்யப்போகின்றன என்பதால் நான் பெயாரிங்கை எண்ணவில்லை, அந்த வெடுக்கைத் தேடினேன். ஒரு ரீல் பட்டுப்போல வழுக்கியது. அதன் வலப்பக்கத்தில் சும்மா ஒரு சிறிய மூடி இருந்தது. "இது என்னத்துக்கு?" என்றேன். பெடியனுக்குத் தெரியவில்லை. கழற்றினேன். கைபிடியை உருவி அந்தத் துவாரத்தில் பூட்டினேன். பூட்டுப்பட்டது. வலக்கையால் சுற்றினேன்.

இரண்டு மாதமாக நான் படித்த எதிலும் இதை ஒருவரும் பெரிய விசயமாகச் சொல்லியிருக்கவில்லை. இந்த வகை ரீல்களில் பெரும்பாலானவற்றில் கைபிடியை மாற்றிப் பூட்டலாம் என்பது தெரிந்தவர்களுக்குச் சாதாரணம்.

விலை 26,500. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதத்தில் 360ஐத் தாண்டிய நாளிலிருந்து, வெளிநாட்டுச் சாமான் எதுவும் எங்கள் சம்பளத்தோடு பேச்சுவார்த்தை வைப்பதில்லை. வீட்டில் மனைவி பெட்டியைப் பார்த்து, "இஞ்ச பாருங்க, இதுக்கு எத்தின மாச மருந்து வாங்கலாம்?" என்றா. கணக்குச் சரி. நான் பதில் சொல்லவில்லை. கதிரையிலிருந்து வாப்பா, "அதக் கொண்டு வா" என்றார். மடியில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். "தார் சுத்துற ராட்டினம்தானே" என்றார். பெரிய சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, சின்னக் கதிர் பல சுற்றுச் சுற்றும். ஜோர்ஜ் ஸ்னைடருக்கு முந்தியே அது தறிக்கொட்டிலில் இருந்தது என்பது அவருடைய கட்சி.

நூல் ஏற்றிய இரவுதான் அவர் வாய் திறந்த இரவு. இப்போது தங்கூசிக்குப் பதிலாகப் பின்னல் நூல் வருகிறது. மெல்லிசு, இழுபடாது, மீன் தொட்டால் கைக்கு உடனே தெரியும். நான் வாங்கியது 2ஆம் நம்பர். வாப்பா அதை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டி, "ரெண்டெண்டா கயிறு மாதிரியெல்லா இருக்கணும்?" என்றார். நெசவு நூலில் நம்பர் கூடக் கூட நூல் மெலியும். இதில் நம்பர் கூடினால் தடிக்கும். அது அவருக்குப் பிடிக்கவில்லை. உலகம் தலைகீழாகிவிட்டதற்கு ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார். பிறகு, "இது வழுக்குற நூல். வெறும் உருளையில சுத்தினா முழுச் சுத்தும் சேந்து சுழலும். அடியில கொஞ்சம் தங்கூசி சுத்து" என்றார். புத்தகங்களும் அதைத்தான் சொல்கின்றன. அவர் ஒரு புத்தகமும் படிக்கவில்லை. ஈரத்துணியால் நூலைப் பிடித்து இழுப்புக் கொடுத்தபடி இருக்க, நான் சுற்றினேன். கொஞ்சம் தளர்ந்தால், "தளரச் சுத்தின தார் தறியில அறுக்கும்" என்று அதட்டுவார். அவரிடம் ஏச்சு வாங்கி இரண்டு வருடமாகியிருந்தது. இருநூறு மீற்றர். இஷாவுக்குப் பிறகு தொடங்கி முடிய பத்தரை.

டிராக்கைத் தொங்கு தராசில் கட்டி இழுத்து இரண்டரைக் கிலோவில் வைத்தேன். நூலின் பலத்தில் கால்வாசிக்கும் மூன்றிலொன்றுக்கும் இடையில் வைப்பது வழக்கம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது, பின்னல் நூலை நொடியில் அறுத்துவிடும். ஆகவே முனையில் ஒரு பாகம் நீளத்துக்குத் தடித்த தங்கூசி முடிந்தேன். அந்த முடிச்சை நான் தனியாகப் போட்டேன். வாப்பா அப்போது நித்திரையாகிவிட்டார்.

மறுவாரம் ஓட்டோவில் பாலத்தடிக்குப் போனோம். மாரி தொடங்கி வாவி கலங்கியிருந்தது. ஆற்றுவாய் பக்கம் கொடுவா கூடும் காலம். ஒரு கொடுவா பல வருடம் ஆணாக இருந்துவிட்டுப் பிறகு பெண்ணாக மாறும் என்று விஞ்ஞானம் சொல்கிறது. "பெரிசெல்லாம் பெட்டைதான்" என்று மட்டும் வாப்பா சொல்வார். பெரியது பட்டால் விட்டுவிட வேண்டும் என்று அவரிடம் முன்பே ஒப்பந்தம் செய்திருந்தேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

பிளாஸ்திக் கதிரையின் முன்காலோடு பிவிசி குழாயைக் கட்டி, உயிர் இறால் குத்தி வீசித் தடியை அதில் நிறுத்தினேன். வாப்பா கைபிடியைத் தொடவே இல்லை. ரீலுக்கு முன்னால் ஓடும் நூலின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டார். "இந்த மெசின் நூல் உடுது சரி. மீன் எங்க நிக்கிதெண்டு அதுக்குத் தெரியுமா?" பாலத்தால் ஆட்கள் போனார்கள். இரண்டு பேர் ஸலாம் சொன்னார்கள். ஒருவர் நின்று பார்த்தார். என் மாணவனின் தகப்பனாகவும் இருக்கலாம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி வாப்பாவின் விரல் அசைந்தது. "நண்டு" என்றார். சற்றுக் கழித்து, "நண்டில்ல" என்றார். கண்டலடியில் 'பொப்' என்றொரு சத்தம். தடி வளைந்து குழாய் முனகியது. டிராக் கத்தத் தொடங்கியது. நான் தடியின் அடியைப் பிடித்தேன். வாப்பாவின் வலக்கை கைபிடிக்குப் போனது. மீன் ஓடும்போது சுற்றவில்லை. நின்றபோது சுற்றினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருபது யார் தள்ளி அது எழும்பித் தலையை உதறியது. ஒரு முழத்துக்கு மேல் இருக்கும், வெள்ளை வயிறு தெரிந்தது. இன்னொரு ஓட்டம். பிறகு தடி நிமிர்ந்துவிட்டது.

செவுள்தான் அறுத்துவிட்டது என்றேன். வாப்பா நூலை முழுதாகச் சுற்றச் சொல்லி, அறுந்த முனையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டினார். வெளிச்சம் போய்விட்டது, அவர் கண்ணால் பார்க்கவில்லை.

"வெட்டினா தும்பு பறியும். இது பண்டிவால் மாதிரிச் சுருண்டு கெடக்கு. முடிச்சு வழுகியிருக்கு."

நான் பேசாமல் நின்றேன்.

"தங்கூசிக்குப் போடுற முடிச்ச இந்த நூலுக்குப் போட்டிரிக்கா. எத்தின சுத்து?"

"மூணு."

அவர் புதிய தங்கூசித் துண்டை வாங்கி ஒரு நுனியைப் பல்லில் கடித்தார். பின்னல் நூலை அதன்மேல் வலக்கையால் சுற்றத் தொடங்கினார். கடித்த வாயோடு எண்ணினார். எட்டில் நின்றார். மறுநுனியைப் பிடிக்கச் சொல்லி என் கையில் தந்தார். முடிச்சை நாக்கில் தொட்டு ஈரமாக்கி மெல்ல இறுக்கினார். பிறகு இழுத்துப் பார்த்தார். இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியது.

"தொழுதிட்டு வா" என்றார். "இறால் இன்னும் கெடக்கா?"