சோதனைக்கு வருவோரும் சாட்சி நிற்போரும்

பிறர் இல்லத்தில் அனுமதி பெற்று, ஸலாம் கூறியே நுழைய வேண்டும் என்று சூரா அந்நூரின் 27ஆம் வசனத்தைக் கொண்டு மதரஸாப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். நாட்டின் சட்டமும் இல்லத்தின் கண்ணியம் கருதிச் சோதனைக்கு வரம்பிட்டுள்ளது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 96ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சோதனை வாரண்ட் பிறப்பிக்கலாம். அவசரத்தில் வாரண்ட் இன்றிச் சோதிக்க 185ஆம் பிரிவு இடமளிப்பினும், அதிகாரி அதற்கான காரணத்தை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். வீட்டார் உடனிருக்கலாம். பெண்ணைச் சோதிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். சோதனையை ஒளிப்பதிவு செய்து, கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலை வீட்டாரிடம் அளிக்க வேண்டும்.

அப்பகுதியில் வாழும் மதிப்புக்குரிய இருவரேனும் சாட்சியாக நிற்க வேண்டும் என்கிறது 103ஆம் பிரிவு. நாமோ, நம் டோல்கேட் சந்துகளில் ஒரு வாசலில் போலீஸ் வண்டி நின்றால் கதவை அடைத்துவிட்டுச் சன்னல் வழியே பார்க்கிறோம். மறுநாள் கதை பேசுகிறோம். சோதனை நடந்ததனாலேயே எவரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

சாட்சிக்கு அழைக்கப்பட்டோர் மறுக்கலாகாது என்பது, கடன் ஒப்பந்தம் குறித்துப் பேசும் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் தரும் படிப்பினை. ஆகவே அழைத்தால் செல்வோம். வெற்றுத்தாளில் ஒப்பமிடாது, கண்டதற்கு மட்டும் ஒப்பமிடுவோம். அது அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்தும் அமானிதம். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக.