மஞ்சள் விழும் நாள்

மேட்டுப்பாளையம் என்றால் ஊட்டி ரயில் கிளம்பும் ஊரா என்று இங்கே பாரிஸ் லா ஷப்பேல் கடைத்தெருவில் கேட்பார்கள். இல்லை, புதுச்சேரியின் மேட்டுப்பாளையம்; தொழிற்பேட்டையும் லாரிகளும் புழுதியுமாக இருக்கும் எங்கள் மேட்டுப்பாளையம். அக்கா மகன் அங்கே மூன்று லாரி ஓட்டுகிறான்.

ஒரு லாரிக்கு எத்தனை தேதி! இன்சூரன்ஸ் ஆண்டுக்கொரு முறை. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எட்டு வயது வரை 2 ஆண்டுக்கொரு தடவை, அதற்குமேல் ஆண்டுதோறும். பெர்மிட், புகைச் சான்று, டிரைவர் லைசென்ஸ் வேறு. எல்லாம் அக்கா வீட்டுக் காலண்டரில் வட்டமாகக் கிடந்தன. 2019-இல் ஊருக்குப் போனபோது எக்செல் தாள் ஒன்று போட்டுக் கொடுத்தேன். தேதி கடந்தால் சிவப்பு, 30 நாளுக்குள் என்றால் மஞ்சள். என் மடிக்கணினியில் சூத்திரம் பிரெஞ்சில் ‘ஓஜூர்துய்’ என்று இருந்தது. அவன் கணினியில் திறந்ததும் தானாகவே ‘டுடே’ ஆகிவிட்டது. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊருக்கு அது பொருத்தம்தான்.

“மாமா, ஒண்ணுமே போடாத கட்டம்கூட செவப்பா இருக்கே” என்றான். வெற்றுக் கட்டத்தை எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதன் கணக்கில் அது என்றோ காலாவதியான நாள். அப்படியே இருக்கட்டும் என்றேன். இல்லாத காகிதமும் கவலைக்குரியதுதானே.

மறுவருடம் கொரோனா. 2020 பிப்ரவரி 1-க்குப் பின் முடிந்த எஃப்.சி., பெர்மிட், லைசென்ஸ் எல்லாம் செல்லும் என்று மத்திய அரசு தள்ளித் தள்ளி 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனது. தாள் முழுக்கச் சிவப்பு, சட்டப்படி எல்லாம் பச்சை.

சிவப்பு விழவில்லை என்று நம்பித்தான் பிறகு மாட்டினான். ஜூன் 9-இல் இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. தாளில் நிறமே மாறவில்லை. சோதனையில் நிறுத்தி 2,000 ரூபாய் அபராதம். விபத்தில்லாமல் போனது அக்காவின் வேண்டுதல். வீடியோ அழைப்பில் கட்டத்தைக் காட்டச் சொன்னேன். பழைய கணினி, அமெரிக்க அமைப்பு. 09/06 என்று அடித்ததை அது செப்டம்பர் 6 என்று படித்திருக்கிறது. 25/06 என்று அடித்த இன்னொரு லாரியின் தேதி அதைவிட மோசம்: 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. எழுத்துக்கு எந்நாளும் சிவப்பு விழாது. உற்றுப் பார்த்தால் தெரியும்: நிஜத் தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும்.

இப்போது மாதத்தை ஜூன், செப்டம்பர் என்று பெயராகவே எழுதுகிறான். நானும் என் தவறைத் திருத்தினேன். எல்லாவற்றுக்கும் 30 நாள் என்று வைத்தது என் சோம்பல். இன்சூரன்ஸுக்கு அது போதும், எஃப்.சி.க்குப் பெயின்ட், டிங்கரிங் முடிக்கவே நாள் பிடிக்கும். ஆகவே ‘எத்தனை நாள் முன்பு’ என்று தனிப் பத்தி சேர்த்து, மஞ்சள் அதைப் பார்த்து விழும்படி வைத்தேன்.

சோதித்துப் பார்க்கக் கடைசி வரியில் என் பத்தாண்டு குடியிருப்பு அட்டையையும் போட்டேன். இங்கே அதைப் புதுப்பிக்க, முடிவதற்கு 4 மாதத்துக்கும் 2 மாதத்துக்கும் இடையில் விண்ணப்பிக்க வேண்டும். 120 என்று கொடுத்தேன். போட்டதை மறந்தும் போனேன். நேற்று மேட்டுப்பாளையத்திலிருந்து செய்தி: “மாமா, ஒங்க கார்டு மஞ்சளாயிடுச்சி.”