சுமைதாங்கி

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை வகுப்பில் சொன்னால் வெளியூர் மாணவர்கள் சிரிப்பார்கள். தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் சிரிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைக் கடக்கக் கண்டுகொண்ட வழிகளில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் ஒன்று. அந்தக் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. இத்தனையும் அறிந்திருந்தும் ஓர் ஆடி மாதத்தில் காரின் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு கம்பத்திலிருந்து தேனிக்குப் புறப்பட்டோம்.

வீடு மாற்றும் வேலை. பெரிய சாமான்கள் லாரியில் முன்பே போய்விட்டன. மிஞ்சியவை ஒரு மெத்தை, இரண்டு பெட்டிகள், மகளின் சைக்கிள். கூரையின் இருபுறமும் கறுப்பு நிறத்தில் இரண்டு கம்பிகள் ஓடின. கம்பி என்று இருந்தால் அதில் கயிறு கட்டலாம் என்பது எங்கள் எளிய தருக்கம். வண்டியோடு தந்த கையேட்டை நாங்கள் பிரித்தும் பார்த்ததில்லை.

உத்தமபாளையம் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே காற்று பக்கவாட்டில் மோதியது. தலைக்குமேல் ஏதோ முறியும் ஓசை. கண்ணாடியில் பார்த்தபோது மெத்தை காற்றில் எழுந்திருந்தது. பின்னால் ஒரு டிவிஎஸ்ஸில் கணவனும் மனைவியும் நடுவில் ஒரு சிறுமியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர் வண்டியைச் சாலையோர மண்ணில் இறக்கினார். மூவரும் சரிந்து விழுந்தார்கள்.

சிறுமிக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. அந்தச் சொற்களை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது. எதிரே ஒரு பேருந்து வந்திருந்தால் என்ன எழுதியிருப்போம்?

அவர் எங்களை ஏசவில்லை. மெத்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கூரையை ஒருமுறை பார்த்தார். “கயிறு நல்லாத்தான் இருக்கு சார். கட்டுன எடந்தான் சரியில்ல” என்றார். சின்னமனூருக்கு அழைத்துச் சென்று காயத்துக்கு மருந்து கட்டினோம். சிறுமி அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தச் சைக்கிள் யாரோடது?” என்று கேட்டாள். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அன்றிரவுதான் கையேட்டைத் திறந்தோம். அந்தக் கறுப்புக் கம்பிகள் அழகுக்காக ஒட்டப்பட்டவை, சுமைக்கு ஆனவை அல்ல என்று அச்சிட்டிருந்தது.

பழைய அம்பாசிடரின் கூரையோரத்தில் மழைநீர் வடிய ஓர் இரும்பு விளிம்பு இருக்கும். எந்தக் கேரியரின் காலும் அதைக் கவ்விக்கொள்ளும். கல்யாணச் சீர்வரிசை முழுவதையும் அந்தக் கூரைகள் சுமந்தன. 2014இல் அந்த வண்டியின் உற்பத்தி நின்றது. இன்றைய கார்களுக்கு அந்த விளிம்பு இல்லை. சிலவற்றில் சுமை தாங்கும் உண்மையான ரூஃப் ரெயில் உண்டு. சிலவற்றில் கேரியரைப் பொருத்தக் கூரையிலேயே மறைவான இடங்கள் விட்டிருப்பார்கள். எங்களுடையதுபோல் வெறும் கூரையானால், கதவுச் சட்டத்தைக் கவ்வும் கொக்கிகளோடு கூடிய குறுக்குக் கம்பிகளே வழி. அவையும் அந்தந்த வண்டியின் வளைவுக்கென்று செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும்.

கடைக்காரர் “நூறு கிலோ தாங்கும் சார்” என்றார். கம்பி தாங்கும், கூரை தாங்குமா? எங்கள் கையேடு கூரைக்கு விதித்த எல்லை 50 கிலோ. இரண்டு எண்களில் சிறியதே கணக்கு. அந்த 50இல் கேரியரின் எடையும் அடக்கம். தாளில் எழுதிக் கூட்டினோம். குறுக்குக் கம்பிகள் 5 கிலோ, சைக்கிளை நிறுத்தும் தாங்கிகள் இரண்டும் சேர்ந்து 7, மகளின் சைக்கிள் 15, எங்கள் பழைய சைக்கிள் 18. மொத்தம் 45. மிச்சம் ஐந்து கிலோவில் எந்தப் பெட்டி அடங்கும்? சைக்கிள்கள் கூரையில், பெட்டிகள் காருக்குள் என்று முடிவாயிற்று. உயரத்தில் ஏறும் எடை வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும் என்பதால் கனமானவை கீழே இருப்பதே முறை.

கூரையில் துளையிட்டு நிரந்தரமாகப் பொருத்தித் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். மறுத்துவிட்டோம். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், சுமை வண்டியின் பக்கவாட்டில் நீண்டாலோ அனுமதித்த அளவைத் தாண்டினாலோ 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. பின்கதவில் மாட்டும் தாங்கி விலை மலிவுதான். ஆனால் சைக்கிள் அங்கே தொங்கினால் எண் பலகையும் பின்விளக்கும் மறையும். பின்னால் வருகிறவருக்கு நாம் பிரேக் போடுவது தெரியாது. அதையும் ஒதுக்கினோம்.

பொருத்திய பிறகு உயரத்தை அளந்தோம். சைக்கிள்கள் நின்ற நிலையில் 2.7 மீட்டர். அந்த எண்ணைத் தாளில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டினோம். புளியமரக் கிளைகளுக்கும் வீட்டுப் போர்டிகோவுக்கும் அந்த எண் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் மேகமலைக்குப் புறப்பட்டோம். ஆடியைத் தவிர்த்தது திட்டமிட்டுத்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அறுபதைத் தாண்டவில்லை. பெல்ட்டுகள் முதல் இருபது, முப்பது கிலோமீட்டரில் தளரும் என்பார்கள். சின்னமனூரில் நிறுத்தி இழுத்துப் பார்த்தோம். ஒன்று தளர்ந்தே இருந்தது. அங்கிருந்து மலைக்குத் திரும்பும் சாலையின் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மலர்ப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிய கபிலர் மகிழ்ந்திருப்பார். மகள் ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள்.

மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அவள் சைக்கிளில் போவதைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தவள் முழங்கையில் கட்டோடு நின்ற அந்தச் சிறுமிதான்.

நம் ஊர்ச் சாலையோரங்களில் பழைய சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. நட்ட கற்கள் இரண்டு, மேலே கிடத்திய கல் ஒன்று. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக உறவினர்கள் எழுப்பியவை. தலைச்சுமையோடு வருகிறவர், இறக்கிவிட இன்னொருவரைத் தேடாமல் தாமே இறக்கி வைக்கலாம். யார் வருவார் என்று தெரியாமலே, பின்னால் வரப்போகும் ஒருவருக்காக நட்ட கல் அது. எங்கள் கூரையில் இருப்பதும் ஏறக்குறைய அதே வடிவம்தான். ஆனால் நாங்கள் கட்டிய முதல் சுமையில் பின்னால் வருகிறவருக்கு இடமே இருக்கவில்லை. கேரியர் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கிறோம். அறுந்தால் யார்மேல் விழும் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் சின்னமனூரில் மறுபடியும் இறங்கிப் பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தோம். உறுதியாக இருந்தன. தேனிச் சாலையில் ஏறியபோது கண்ணாடியில் ஓர் இருசக்கர வண்டி தெரிந்தது. நடுவில் ஒரு குழந்தை. வேகத்தைக் குறைத்து, அவர்களை முன்னே போகவிட்டோம்.