ஒன்பது என்ற இலக்கம்



எங்கட மகளுக்கு இன்றைக்கு ஒரு வயசு. அல்ஹம்துலில்லாஹ். அவளுக்காக துஆ செய்த மொனராகலை சனங்களுக்கு ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும்.

28 வாரத்தில் பிறந்தவள். நிறை 980 கிராம். பதுளையில் வாட்டில் இருந்த மூன்றாவது வாரம், ஹீமோகுளோபின் 9 என்றார்கள். பயந்துபோனோம். ஊருக்கு ஒரு கோல்தான் எடுத்தோம். பின்னேரமே இரத்தம் கொடுக்க எட்டுப் பேர் பசறை வழியாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டொக்டரோ, "இப்ப ஏத்தத் தேவையில்ல, பாப்பம்" என்றார். எங்களைத் தட்டிக்கழிக்கிறார்களோ என்றுகூட நினைத்தோம்.

அடுத்த நாள் அவரே கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். தாயின் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளை இரும்புச்சத்தில் பெரும்பகுதியைச் சேமிக்கிறது. முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. புது இரத்தம் உண்டாக்கத் தூண்டும் ஹோர்மோனும் குறைவு. சோதனைக்கு எடுக்கிற இரத்தமும் ஒரு காரணம். ஒரு கிலோ பிள்ளையின் மொத்த இரத்தமே கிட்டத்தட்ட 90 மில்லிலீற்றர், அரைக் கோப்பை.

ஆனாலும் இலக்கத்தை மட்டும் பார்த்து ஏற்றுவதில்லை. பிறந்து எத்தனை நாள், மூச்சுக்கு மெஷின் உதவி வேண்டுமா, நிறை கூடுகிறதா, மூச்சு இடைக்கிடை நிற்கிறதா, எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 1,000 கிராமுக்கு மேற்படாத 1,824 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். மூச்சு உதவி வேண்டாத மூன்று வாரப் பிள்ளை என்றால், ஒரு பக்கம் 10க்கு இறங்கியதும் ஏற்றினார்கள். மறுபக்கம் 7 வரை பொறுத்தார்கள். இரண்டு வயதளவில் பார்த்தபோது உயிர் பிழைத்ததிலும் மூளை வளர்ச்சியிலும் பெரிய வித்தியாசமில்லை. அதே வருடம் ஐரோப்பாவில் 1,013 பிள்ளைகளிடம் செய்த ஆய்வும் அதையே சொன்னது. வெளியிலிருந்து இரத்தம் வந்தால், பிள்ளையின் உடம்பு தானாக உண்டாக்கும் வேலையும் மெதுவாகிவிடுமாம்.

பொறுத்தோம். ஆறாவது வாரம் 7க்குக் கீழே போனது. நிறை கூடவில்லை, மூச்சும் இடைக்கிடை நின்றது. அன்று டொக்டர் ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. 20 மில்லிலீற்றர், நாலு மணித்தியாலமாக ஏறியது. யார் கொடுத்த இரத்தம் என்று தெரியாது. சிங்களவரோ, தமிழரோ, முஸ்லிமோ, பையில் எழுதியிருக்கவில்லை.

புள்ளியை மட்டும் பார்த்துப் பிள்ளையை எடைபோடக் கூடாது என்று கல்வியியல் கல்லூரியில் படித்தோம். வகுப்பில் பெற்றோருக்கும் சொல்கிறோம். எங்கட பிள்ளை என்றதும் நாங்களே மறந்துவிட்டோம்.

ஆகவே, இப்படி ஒரு நிலை யாருக்கும் வந்தால் "ஏத்துங்க" என்று சண்டை பிடிக்காதீர்கள். "ஏன் பொறுக்கிறீங்க? எதைக் கண்டா ஏத்துவீங்க?" என்று கேளுங்கள். கேட்பது எங்கள் உரிமை.

அன்று வந்த எட்டுப் பேரும் வெறுமனே திரும்பவில்லை. இரத்த வங்கியில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அது எந்த உம்மாவின் பிள்ளைக்குப் போனதோ. அடுத்த இரத்த தான முகாமுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் வாருங்கள்.