கார்னிவல் கற்பித்த சொல்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். தேரை இழுப்பது கடினமன்று. ஊரைக் கூட்டுவதே கடினம். இதை நான் உணர்ந்தது 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், எம் பள்ளியில் கார்னிவல் நடந்தபோதுதான். அன்புத் தோழியரே! அந்நாள்களில் நான் செய்த ஒரு பிழையையும், அதனால் கற்ற ஒரு சொல்லையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நம் தூத்துக்குடி மறக்குமா? அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தெருக்கள் ஆறாயின. உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், அங்குள்ள பெண்கள் குழுவாகச் சேர்ந்து பிள்ளைகளுக்காக ஒரு மாலைப் படிப்பகம் நடத்தி வந்தார்கள். வெள்ளத்தில் அதன் ஒரு பக்கச் சுவர் சரிந்தது, புத்தகங்கள் கூழாயின. சுவர் எழுப்பவும் புத்தகம் வாங்கவும் ரூ.60,000 வேண்டும். அத்தொகையைக் கார்னிவல் நடத்தித் திரட்டலாம் என்று பள்ளியில் முடிவாயிற்று. திட்டக் குழுவுக்கு நான் செயலாளர். எனக்குத் தலைகால் புரியவில்லை!

முதல் கூட்டத்தில் சிஸ்டர் எங்களைக் கேட்டார்கள்: “கார்னிவல் என்றால் என்ன பொருள், தெரியுமா?” ராட்டினம் என்றாள் ஒருத்தி, பஞ்சுமிட்டாய் என்றாள் இன்னொருத்தி. சிஸ்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார்கள். ‘இறைச்சியை விலக்குதல்’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து பிறந்ததாம் அச்சொல். தவக்காலம் தொடங்குமுன் மக்கள் கூடி மகிழ்ந்த விழாவே கார்னிவல். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14ஆம் நாள் வந்தது. ஆகவே பிப்ரவரி 10, சனிக்கிழமை என்று நாள் குறித்தோம்.

பிறகு விவாதம் சூடு பிடித்தது. “குலுக்கல் சீட்டு விற்போம், பணம் குவியும்” என்றேன் நான். சிஸ்டர் தலையசைத்து மறுத்தார்கள். “லாட்டரியால் எத்தனையோ குடும்பங்கள் நொடிந்த பிறகு, 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள். நீங்கள் அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுக்க வேண்டாம், திறமைக்குக் கொடுங்கள்” என்றார்கள். ஆகவே வளையம் எறிதல், டப்பா அடித்தல், உறியடி, மருதாணி, பழைய புத்தகம், நம்மூர் மக்ரூன் என்று 12 கடைகளுக்குப் பட்டியல் போட்டோம். கடைகளில் காசு வாங்கக் கூடாது. வாசலில் ஒரே இடத்தில் டோக்கன் விற்க வேண்டும். மாலையில் டோக்கன்களை எண்ணினால் கணக்கு தானே விளங்கும். நுழைவுக் கட்டணம் தலைக்கு ரூ.50.

விளம்பரத் தட்டி எழுதும் பொறுப்பை நானே ஏற்றேன். கந்தல் உடுத்த சிறுமி ஒருத்தி கையேந்தி நிற்பதுபோல் படம் வரைந்தேன். அதன் கீழே, ‘ஏழைகளுக்கு நாங்கள் உதவுகிறோம், நீங்களும் வாரி வழங்குவீர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஐந்தாண்டுகளாக என் பக்கத்தில் அமர்ந்து படிக்கும் தோழி மட்டும் வாய் திறக்கவில்லை.

மணி அடித்து எல்லாரும் போன பின் அவள் என்னிடம் வந்தாள். “இந்தப் படத்துல இருக்கிற பிள்ளை யாரு?” என்றாள். சும்மா வரைந்தேன் என்றேன். “எங்கம்மாதான் அந்தக் குழுவுல கணக்கு எழுதுறாங்க. நான் அந்தப் படிப்பகத்துல படிச்சுத்தான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். நாங்க யாரும் யாருகிட்டயும் கையேந்தினதில்ல. அம்மா, தம்பி, தங்கச்சியோட நான் கார்னிவலுக்கு வந்தா வாசல்லயே இருநூறு ரூபாய் ஆயிரும்.” அவ்வளவுதான் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு எனக்கு உறக்கமேது? ஐந்தாண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்தும் அவள் வீடு எங்கே என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை!

மறுநாள் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நீ அங்கே போய்ப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார்கள். பின்பு ஒரு செய்தி சொன்னார்கள். 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவர் தம் நண்பர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ராந்து என்னும் அருட்சகோதரி. அவர்கள் ஏழைகளின் வீட்டுக்கு நேரில் சென்று, உட்கார்ந்து பேசி, பிறகுதான் உதவி செய்தார்களாம். “உதவி பின்னால் போகட்டும், முதலில் நீ போ” என்றார்கள் சிஸ்டர்.

ஞாயிறு மாலை சிஸ்டருடன் நாங்கள் நால்வர் சென்றோம். தோழியே முன்னால் நடந்து வழி காட்டினாள். குழுவில் பதினோரு பெண்கள். வெயிலில் காய்ந்து கறுத்த முகங்கள். உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கைகள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களைச் சமாளிக்க வாரம் இருபது ரூபாய் சேமிக்கிறார்கள். வெள்ளத்தில் நனைந்த கணக்கு நோட்டை ஏடு ஏடாகப் பிரித்து உலர்த்தி வைத்திருந்தார்கள். மை கலைந்த இடமெல்லாம் மீண்டும் எழுதியிருந்தார்கள். அந்த நோட்டைப் பார்த்தபோது என் தட்டியை நினைத்து நான் கூனிக் குறுகினேன்.

கருப்பட்டிக் காப்பி கொடுத்து உபசரித்தார்கள். கார்னிவல் பற்றிச் சொன்னதும் குழுத் தலைவி, “ஏ பிள்ளைகளா, சும்மா குடுத்தா நாங்க வாங்கிக்கிட மாட்டோம். எங்களுக்கும் ரெண்டு கடை குடுங்க, நாங்களும் சேந்து செய்யுதோம்” என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டியலில் 13, 14 என்று இரண்டு எண்களைச் சேர்த்தேன். நுழைவுக் கட்டணத்தையும் பத்து ரூபாயாகக் குறைத்தோம். என் தட்டியைக் கிழித்தெறிந்தேன். தோழி புதிதாக ஒன்று வரைந்தாள். அதில் ஓர் உப்புக் குவியல், அதனருகே திறந்த புத்தகம். ‘நம் படிப்பகத்துக்காக நாம் நடத்தும் கார்னிவல்’ என்று கீழே எழுதினாள்.

விழா நாளும் வந்தது. அப்பப்பா, என்ன கூட்டம்! 13ஆம் கடையில் ஓலைக் கொழுக்கட்டையும் சுக்குக் காப்பியும் விற்றுக்கொண்டேயிருந்தன. 14ஆம் கடையில் ஒரு புதுமையான போட்டி. எவர்சில்வர் குடத்தில் உப்பை நிரப்பி வைத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்து எடை சொல்ல வேண்டும். கணக்கில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கும் நான் ஐந்து கிலோ என்றேன். ஆசிரியை ஒருவர் பத்து என்றார்கள். குழுவிலிருந்த ஒரு பாட்டி குடத்தை இடுப்புயரம் தூக்கி இறக்கிவிட்டு, “ஏழே முக்கால்” என்றார். தராசு முள் அங்கேயே போய் நின்றது! கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். திறமைக்குப் பரிசு என்று சிஸ்டர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

மாலையில் தோழியின் அம்மாவும் நானும் கணக்குப் பார்த்தோம். “இருநூத்திப் பதினாலு டம்ளர் காப்பி குடுத்திருக்கோம். டோக்கன் இருநூத்தி எட்டுதான் இருக்கு, தாயி” என்றார் அவர். யோசித்துப் பார்த்தேன். திட்டக் குழுவினர் ஆறு பேர், ‘நாம்தானே நடத்துகிறோம்’ என்று டோக்கன் இல்லாமல் குடித்திருந்தோம்! ஆளுக்குப் பத்து ரூபாய் கொண்டுவந்து வைத்தோம். செலவு போக மிஞ்சியது ரூ.54,240. இலக்குக்கு ரூ.5,760 குறைவு. என் முகம் வாடியதைக் கண்ட அந்த அம்மா, “மிச்சத்தை எங்க சேமிப்புல இருந்து போட்டுக்கிடுதோம். நம்ம படிப்பகந்தானே” என்றார்.

நம் தாய்மொழியில் ‘நாங்கள்’ என்று ஒரு சொல் உண்டு. ‘நாம்’ என்று ஒரு சொல் உண்டு. முன்னது கேட்பவரை வெளியே நிறுத்திவிடும். பின்னது அவரையும் உள்ளே அழைத்துக்கொள்ளும். இதை இலக்கண வகுப்பில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால், என் தட்டியில் நான் எழுதியது ‘நாங்கள்’. என் தோழி எழுதியதோ ‘நாம்’.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு ஆலயத்தில் அவளருகே முழந்தாளிட்டிருந்தேன். அவ்வாண்டுத் தவக்காலத்தில் எதை விலக்குவது என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. இப்போது மாதம் ஒரு ஞாயிறு அவள் வீட்டுக்குப் போகிறேன். சுவர் எழும்பிவிட்டது. படிப்பகத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். உப்பின் எடையைக் கைப்பிடியில் அறிய அவர்கள் எனக்குச் சொல்லித் தருகிறார்கள். இன்னும் சரியாக வரவில்லை, வரும்.

— மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவி